கொள்ளுத் தண்ணி ஆறும்வரை

எண்பத்தேழு புள்ளி இரண்டு.

இறங்கினான். மூச்சை முழுக்க வெளியே விட்டுவிட்டு மறுபடி ஏறினான்.

அதே எண்தான்.

வெள்ளி அரைஞாணைக் கழற்றியாயிற்று. மோதிரத்தைக் கழற்றியாயிற்று. கழிவறைக்கு இரண்டு தடவை போய்வந்தாயிற்று. குளித்த தலையின் ஈரம் கனக்குமோ என்று நன்றாகத் துவட்டிவிட்டும் ஏறிப் பார்த்தான். எடை பார்க்கிற இயந்திரத்துக்கு ஈவு இரக்கம் கிடையாது.

எண்பத்து நான்கு வேண்டும். இன்றைக்கே வேண்டும்.

பதினோரு மணிக்கு மருத்துவமனையில் கடைசி எடை. அங்கேயும் இதுதான் வரும் என்றால், அவன் ஈரலில் பாதியை வெட்டி அக்காவுக்கு வைக்க முடியாது. கொடுப்பதற்கு வேறு ஆளும் கிடையாது.

அக்கா பேச்சியம்மாளுக்கு நாற்பத்தெட்டு வயது. அவனுக்கு ஏழு வயது மூத்தவள். வாழ்நாளில் ஒரு சொட்டுச் சாராயம் தொட்டதில்லை. குடிக்காத பொம்பளைக்கு ஈரல் எப்படிக் கெடும் என்று தெருவே மூக்கின் மேல் விரல் வைத்தது.

கொழுப்பு என்றார் டாக்டர். உடம்பில் ஏறியது ஈரலிலும் ஏறி, சர்க்கரையும் சேர்ந்துகொண்டு, சத்தம் காட்டாமல் பதினைந்து வருடமாகக் கெடுத்திருக்கிறது. பிறகு அவர் அவனுடைய ஸ்கேனைப் பார்த்தார்.

அவன் ஈரலிலும் அதே கொழுப்பு.

இளைத்தால் கரையும் என்றார். கரைந்தால் வெட்டி எடுக்கலாம்.

அப்போது தொண்ணூற்றாறு கிலோ இருந்தான். அதில் பாதி அக்கா வளர்த்தது என்று ஊரில் கேலி பேசுவார்கள். பொய்யில்லை. அம்மா இல்லாத வீட்டில் அவள்தான் சோறு போட்டாள். போதும் என்று அவன் கையை எடுக்கும்போதெல்லாம் இன்னொரு கரண்டி வைத்தாள்.

முதல் மாதம் எட்டு கிலோ இறங்கியது. பிறகு மூன்று வாரமாக முழுசாக ஒரு கிலோ இறங்கவில்லை. தினமும் ஆறு கிலோமீட்டர் நடக்கிறான். சோற்றைக் கண்ணால் பார்ப்பதோடு சரி. அவித்த காய், ஒரு முட்டை, மூன்று வேளையும் உப்புகூடப் போடாத கொள்ளுத் தண்ணி.

கொள்ளுத் தண்ணியின் நினைவு அப்போதுதான் வந்தது.

விடிந்ததும் வைத்த தம்ளர் ஜன்னல் கட்டையில் அப்படியே இருந்தது. மற்ற நாட்களில் சுடச்சுட, கண்ணை மூடி மூக்கைப் பிடித்துக்கொண்டு ஒரே மடக்கில் விழுங்கிவிடுவான். இன்றைக்கு எடை பார்க்கிற பதற்றத்தில் மறந்துபோனான்.

மார்கழிக் குளிரில் தம்ளர் சில்லிட்டிருந்தது.

மேலே வெள்ளையாக ஓர் ஆடை.

விரலால் தொட்டான். வழுக்கியது. முகர்ந்தான்.

நெய்.

அரை விரல் கனத்துக்கு நெய்.

ரத்தம் தலைக்கேறியது. ரமணி. பொண்டாட்டியைத் தவிர வேறு யார்? சம்மதப் பத்திரத்தில் கையெழுத்துப் போடும்போது அவள் கை நடுங்கியதை அவன் பார்த்தான். பக்கத்தில் இருந்த அக்காவும் பார்த்தாள். இரண்டு பெண் பிள்ளைகளை வைத்துக்கொண்டு புருஷனைக் கத்திக்குக் கொடுக்கப் பயம். வேண்டாம் என்று வாய்திறந்து சொல்லத் துப்பில்லாமல் இந்த வேலை பார்த்திருக்கிறாள்.

"ஏட்டி ரமணி!"

பிள்ளைக்குத் தலை பின்னிக்கொண்டிருந்தவள் சீப்போடு ஓடிவந்தாள். தம்ளரைப் பார்த்தாள். அவனைப் பார்த்தாள். ஒன்றும் விளங்காமல் நின்றாள்.

அடுக்களை வாசலில் அக்கா வந்து நின்றாள். மஞ்சளேறிய கண். நீர் கோத்த வயிறு. சொறிந்து சொறிந்து தடித்துப்போன மணிக்கட்டு.

"அவள ஒண்ணும் சொல்லாதல. நாந்தான் ஊத்துனேன்."

உட்கார்ந்த இடத்தில் ஒரு வேலையாவது செய்கிறேனே என்று, கொள்ளு வேகவைப்பதைக் கேட்டு வாங்கிக்கொண்டவள் அவள்தான்.

மூன்று வாரத்துக்கு முன்னால்.

அவனுக்கு அவளை அடிக்க வேண்டும் போல இருந்தது. அதைவிட அதிகமாக அழுகை முட்டியது.

அவளைப் பிடித்துத் தரையில் உட்காரவைத்தான். தம்ளரின் ஆடையை விரலால் வழித்தெடுத்து அவள் மணிக்கட்டில் தேய்த்தான். அவள் கையை இழுத்தாள். விடவில்லை. நகம் கீறிய இடமெல்லாம் பார்த்துப் பார்த்துத் தேய்த்தான். அந்த நமைச்சலில் அவள் கண்மூடித் தூங்கி ஒரு மாதம் ஆகிறது.

மிச்சத் தண்ணியை ஜன்னல் வழியாக வெளியே கொட்டினான்.

"டாக்டர் கால்ல விழுந்தாவது ரெண்டு வாரம் கேக்கேன். நீ இன்னொரு தம்ளர் கொண்டா."

ரமணி அடுக்களைப் பக்கம் நகர்ந்தாள்.

"நீ போவாத. அக்கா கொண்டுவரட்டும்."

அக்கா சுவரைப் பிடித்துக்கொண்டு எழுந்தாள். உள்ளே போனாள். பாத்திரம் திறக்கும் சத்தம் கேட்டது. நெய் டப்பாவும் அங்கே அலமாரியில்தான் இருக்கிறது. பிறகு வெகுநேரம் ஒரு சத்தமும் இல்லை.

ஆவி பறக்கிற தம்ளரைக் கொண்டுவந்து நீட்டினாள்.

அவன் குடிக்கவில்லை. என்ன மிதக்கிறது என்று குனிந்தும் பார்க்கவில்லை. தரையில், தனக்கு எதிரே வைத்தான்.

பஸ்ஸுக்கு இன்னும் முக்கால் மணி நேரம் இருந்தது.

"ஆறட்டும்," என்றான்.

அக்கா தம்ளருக்கு அந்தப் பக்கம் உட்கார்ந்தாள். ஆவி அடங்கிய பிறகும் எழுந்து போகவில்லை.