ஓடிப்போன வீரம்மாள்

"இன்னைக்கு உன் கையில விலங்கு மாட்டாம விடமாட்டேன்" என்று பல்லைக் கடித்தார் கோபாலசாமி. வீரம்மாள் அசையவில்லை. பவர் பத்திரம் முதல் வாடகைத் தகராறு வரை நம்ம ஆட்கள் ஏறி இறங்கித் தேய்ந்துபோன பழைய கோர்ட்டுப் படியில் நின்றிருந்தார்கள் இருவரும்.

கோபாலசாமி ஒரு மேன்பவர் கம்பெனி மேனேஜர். ஊரிலிருந்து ஆட்களை வளைகுடா நாட்டு ஜெபல் அலியில் கொண்டுவந்து இறக்குவார், பாஸ்போர்ட்டைப் பீரோவில் பூட்டுவார், க்ளீனிங் கான்ட்ராக்டர்களிடம் சப்ளைக்கு அனுப்பிவிடுவார். அப்புறம் யார் எந்த சைட்டில் கிடந்தால் அவருக்கென்ன!

மகளுக்குத் தலைப்பிரசவம், ஊருக்குப் போகணும், பாஸ்போர்ட்டைக் குடுங்க என்று போனில் கேட்டதுதான் வீரம்மாள் செய்த குற்றம். தராவிட்டால் கோர்ட்டுக்குப் போவேன் என்றும் சொல்லிவிட்டாள். மறுநாளே, 'மூன்றாம் தேதியிலிருந்து வேலைக்கு வராமல் ஓடிவிட்டாள்' என்று புகார் எழுதிக் கொடுத்துவிட்டார் மகானுபாவர். நிரூபணமானால் ஜெயில்; அப்புறம் இந்த நாட்டுப் பக்கமே தலைவைக்க முடியாது.

"மன்னிப்புக் கடிதாசியில கையெழுத்துப் போடு. கேஸை வாபஸ் வாங்கிக்கறேன்."

"நான் ஓடவே இல்லையே சார். எதுக்கு மன்னிப்பு?"

"எவ்வளவு திமிரு!"

"ஆமா சார். அதையாவது பீரோவுல வச்சுப் பூட்டாம விட்டீங்களே."

வாசலில் நின்ற போலீஸ்காரர் சிரித்தபடி சலாம் சொன்னார். தன் டைக்குக் கிடைத்த மரியாதை என்று பூரித்துப்போய், கோபாலசாமி பதில் சலாம் வைத்தார்.

உள்ளே, நீதிபதி அரபியில் கேட்கக் கேட்க, மொழிபெயர்ப்பாளர் சாதிக் பாட்ஷா தமிழில் சொல்லிக்கொண்டிருந்தார்.

"சத்தியமாச் சொல்றேன், மூணாம் தேதியிலேருந்து ஆளையே காணோம். நான் தேடாத இடமில்லை" என்று உருகினார் கோபாலசாமி. சுத்தப் பொய், துளிக்கூட வியர்க்கவில்லை.

நீதிபதி வீரம்மாள் பக்கம் திரும்பினார். சாதிக் பாட்ஷா கேட்டார்:

"ஏம்மா, மூணாம் தேதியிலேருந்து நேத்து வரைக்கும் எங்க இருந்தே? அதுக்குச் சாட்சி யாராவது உண்டா?"

 வீரம்மாள் தலையை நிமிர்த்தி, நீதிபதியை நேராகப் பார்த்தாள்.

"தினமும் இந்தக் கோர்ட்டுலதாங்கய்யா தரை துடைச்சுக்கிட்டிருந்தேன், வாசல்ல நிக்கிற போலீஸ்காரரையே கேளுங்க."