இரண்டாவது தரச்சான்று

தப்பாக அச்சான நாணயங்களை வாங்கி விற்பவர் தனிஸ்லாஸ். பிழை எவ்வளவு அரிதோ அவ்வளவு கிராக்கி. நாணயங்களுக்குத் தரச்சான்று தரும் ஒரு நிறுவனம் தரம் குறைத்துப் போட்டால், அதே காசை இன்னொன்றுக்கு அனுப்பிவிடுவார்.

கருவுக்குத் தரம் போடும் இயந்திரம் ஆஸ்பத்திரிக்கும் வந்துவிட்டது. திரையில் தனிஸ்லாஸ் தம்பதியின் பிறக்காத குழந்தைக்கு, "பிழை உண்டு" என்று வந்தது.

மனைவி ரெஜினா அவர் கையைப் பற்றினாள். "வேற எடத்துல காட்டலாங்க. ஒரே காசுக்கு ரெண்டு கம்பெனி ரெண்டு தரம் போடுறதில்லையா?"

தனிஸ்லாஸ் கடையில் கேட்பது போலவே டாக்டரிடம் கேட்டார். "இந்த மாதிரிப் பிழை இதுவரைக்கும் எத்தனை வந்திருக்கு?"

"இதுதான் முதல்," என்றார் டாக்டர் தயங்கியபடி.

ஒரு நொடி தனிஸ்லாஸின் முகம் மலர்ந்தது. உடனே மறைத்துக்கொண்டார்.

அதற்குள் ரெஜினா பார்த்துவிட்டாள். கையை உருவிக்கொண்டு வயிற்றை மூடிக்கொண்டாள்.