பதினொரு வீட்டு முறை

லிடியா ஈரக் கையை ஏப்ரனில் துடைத்துவிட்டு ஊர்ப் படங்களை எடுத்ததுமே குமாரசாமி குழாயைத் திறந்து அடுத்த தட்டை எடுத்தான்.

ஜேர்மன் நகரம் கார்ல்ஸ்ரூஹேயில் ஒரு முதியோர் இல்லத்துச் சமையலறை. இரண்டு வருடமாக இருவரும் ஒன்றாகத்தான் தட்டுக் கழுவுகிறார்கள். அவள் ரஷ்யாவிலிருந்து வந்து குடியேறிய ஜேர்மன்காரி. ஈஸ்டருக்கு ஊரிலுள்ள தமக்கையைப் பார்க்கப் போய், நேற்றுத்தான் திரும்பியிருந்தாள்.

ஊரென்ன ஊர்! லுஷ்கினோ. பதினொரு வீடு, ஒரு கிணறு, கூட்டுப்பண்ணைக் காலத்துப் பால் கொட்டில் ஒன்று. மன்னர் காலத்தில் மரம் வெட்ட வந்த நாலு குடும்பம் போட்ட ஊராம். பஸ்கூட ஆற்றுக்கு அந்தப் பக்கமே நின்றுவிடுமாம். லிடியா வாய் ஓயாமல் சொல்லுவாள். இவனும் ஏதோ தெரியாத புதினம் கேட்பவன் போலத் தலையாட்டுவான்.

அந்தப் பால் கொட்டிலின் எந்த மூலையால் பனிக்காற்று அடிக்கும் என்பது இவனுக்குத் தெரியும். தொண்ணூற்றேழு மாரியில், களவாய் எல்லை கடத்தும் ஏஜென்சிக்காரன் பத்தொன்பது பேரை அதற்குள்தான் அடைத்து வைத்திருந்தான்.

கூட வந்த சிநேகிதனை இவன் அங்கேதான் விட்டுவிட்டு வந்தான்.

சிநேகிதன் நல்ல சைவக்காரன். அடுப்புச் சாம்பலையாவது அள்ளி நெற்றியில் பூசாமல் சாப்பாட்டுக்குத் தரும் பாணைத் தொடமாட்டான். இரண்டு பேரையும் பக்கத்தில் கண்டால் அண்ணன் தம்பியோ என்று கேட்பார்கள். எல்லை தாண்டிக் கொண்டுபோக வாகனம் வந்த அன்று ஏஜென்சிக்காரன் கூப்பிட்டது சிநேகிதனின் பெயரைத்தான்; அவனுக்கோ நெருப்பாய்க் காய்ச்சல். கண்ணே திறக்கவில்லை.

இவன் போர்வையை இழுத்து மூடிவிட்டான். அவன் போட்டிருந்த சேட்டுப் பையிலிருந்து ஒன்றை எடுத்தான், ஒன்றை வைத்தான். ஓடிப்போய் ஏறிக்கொண்டான். திரும்பிக்கூடப் பார்க்கவில்லை, பாவி.

எப்படியும் பிழைத்திருப்பான் என்றுதான் ஒன்பது வருடமாகத் தனக்குத் தானே சொல்லி வந்தான்.

லிடியா ஒரு படத்தை நீட்டினாள். மண்மேடு, மரச்சிலுவை, அடியில் சிவப்புச் சாயம் போட்ட முட்டைகள், ஒரு கோப்பை தேத்தண்ணி.

"இது உங்கட நாட்டுப் பெடியன், கொட்டிலுக்கை நாலு நாள் கிடந்து செத்துப் போனவனாம். ஈஸ்டர் முடிய எல்லாரும் தங்கட ஆக்களின்ர குழிக்குச் சாப்பாடு கொண்டு போவினம், இவனுக்கு ஆர் இருக்கினம்? அதாலை பதினொரு வீடும் வருசத்துக்கு ஒரு வீடாய் முறை வைச்சுப் பாக்குதுகள்."

குமாரசாமிக்கு முகத்தை எங்கே கொண்டுபோய் வைப்பதென்று தெரியவில்லை. ஊர் பேர் தெரியாத சனம் முட்டையும் தேத்தண்ணியும் வைக்கிறது. ஒரே போர்வைக்குள் படுத்தெழும்பியவன் ஒரு மெழுகுதிரி கொளுத்தியதில்லை. செத்தவனின் தாய்க்கு ஒரு வரி எழுதியதில்லை. வெட்கம் ஆளைப் பிடுங்கித் தின்றது.

சைவக்காரனுக்குச் சிலுவை எதற்கென்று அவன் கேட்கவில்லை. கேட்க என்ன இருக்கிறது?

லிடியாதான் சொன்னாள். சேட்டுப் பையில் கிடந்த பாஸ்போட்டைப் பார்த்துப் பெயர் எழுதினார்களாம். நல்லகாலம், தங்கள் ஊரிலும் வைக்கிற பெயராம். சிலுவையில் இருந்த ரஷ்ய எழுத்தின்மேல் விரலை வைத்து உரத்து வாசித்துக் காட்டினாள்.

"அன்ரன்."

ஞானஸ்நானத்தில் வைத்த அந்தப் பெயரைச் சொல்லி ஒன்பது வருடமாக இவனை ஒருவரும் கூப்பிட்டதில்லை.

"ஓம்" என்று குரல் கொடுத்தான் குமாரசாமி, வாய் தவறி.