ஒரு ரவுண்டு

லாரிக்கு அடியில் நான் படுத்திருந்தபோது ஓனர் குனிந்து பார்த்தார்.

“அட, மெக்கானிக் தம்பி! அதுக்குள்ள வந்து வேலையையும் ஆரம்பிச்சிட்டீங்களா!”

பல்லைக் காட்டினேன். புகைக்குழாயில் மாட்டும் புது ஆக்சிஜன் சென்சாரை என் கையில் திணித்தார்.

அரதப்பழசான லாரி. பழைய சென்சார் கியர்பாக்ஸுக்கு மேலே, கை நுழையாத சந்தில் துருப்பிடித்து உட்கார்ந்திருந்தது. ஸ்பேனர் வழுக்கி என் மூக்கிலேயே விழுந்தது.

“விட்டுடாதீங்க தம்பி!” ஓனர் டார்ச் அடித்தார்.

அவர் மனைவி டீயோடு வந்தார். “போன தடவை வந்தவன் பாதியிலேயே ஓடிட்டான். நீங்க தங்கமான பிள்ளை!”

நான் மட்டும் எப்படி ஓடுவது? நான் உந்தி இழுக்க வசதியாக, டார்ச்சை மனைவியிடம் கொடுத்துவிட்டு என் இரண்டு காலையும் ஓனர் கெட்டியாகப் பிடித்திருந்தாரே!

“மூச்சைப் பிடிச்சு ஒரே இழுப்பு! ம்ம்ம்...” என்றார் ஓனர்.

கடக்!

சென்சார் அசைந்தது. மேலே அவர்கள் குதித்தார்கள். கீழே நான் குதித்துத் தலையை இடித்துக்கொண்டேன். புதுசை மாட்டியதும் இன்ஜின் ஒரு இருமல்கூட இல்லாமல் ஓடியது. கிரீஸோடு கிரீஸாக ஓனர் என்னைக் கட்டிப்பிடித்துக்கொண்டார்.

“எதுக்கும் ஒரு ரவுண்டு ஓட்டிப் பாத்துட்டு வாங்க!”

தெருமுனையில் டூல்பாக்ஸோடு ஒருவர் லாரியைக் கை காட்டி நிறுத்தினார்.

“அண்ணே, லாரிக்கு சென்சார் மாத்தணும்னு காலையில போன் பண்ணாங்க. அந்த வீடு எதுங்க?”

ஒயரை அறுத்து லாரியைக் கிளப்பிக்கொண்டு போக வந்த எனக்குச் சாவியே கிடைத்த சந்தோஷம். பொய் சொல்ல மனம் வரவில்லை.

“அதோ, அந்த நீல கேட். ஆனா சென்சாரை நானே மாத்திட்டேன். இப்ப அங்க லாரிதான் இல்ல!”