ஏரிக்கரையா, குன்றடியா?

ஊருக்கு வெளியே இரண்டு பங்களா காலனிகள் இருந்தன. ஒன்று ஏரிக்கரையில், மற்றது குன்றடியில். மூன்று குட்டிகளுக்குத் தாயான செவலைப் பூனை, மழைக்காலத்துக்குள் இரண்டில் ஒன்றில் நிரந்தரமாகக் குடியேறிவிட நினைத்தது.

ஏரிக்கரையில் காற்று ஜிலுஜிலுவென்று வந்தது. மீன்காரரும் வாசலுக்கே வந்தார். ஆனால் கடைக்குட்டி இரண்டு முறை தும்மியது. ஈரக்காற்று ஆகாது என்று பூனை குட்டிகளை ஒவ்வொன்றாகக் கவ்விக் குன்றடிக்குக் கொண்டுபோனது. அங்கே பாறை பகலில் குடித்த வெயிலைப் பொழுது சாய்ந்த பிறகும் கக்கியது. பூனை மறுபடி ஏரிக்கரைக்கே வந்தது. பிறகு மறுபடி குன்றடி, மறுபடி ஏரிக்கரை, மறுபடி குன்றடி.

"அக்கா, இது ஆறாவது வீடு. ஏழாவதுக்கு எப்போ புறப்பாடு?" என்று மதில்மேல் இருந்த காகம் கேட்டது.

"எல்லாம் பிள்ளைங்களுக்காகத்தான். நாலு குச்சியில குடித்தனம் பண்றவளுக்கு இது புரியாது."

ஐப்பசி பிறந்தது. ஏரிக்கரையில் கிழக்கு பார்த்த போர்டிகோ ஒன்றைக் கண்டுவந்த பூனை, மூத்த குட்டியின் கழுத்தைக் கவ்வியது. தூக்க முடியவில்லை. குட்டியின் பின்னங்கால்கள் தரையில் இழுபட்டன.

"விடும்மா, வலிக்குது. தம்பிங்க காலையிலேயே பஸ் ஸ்டாண்டு புரோட்டாக் கடைக்குப் போயிட்டாங்க. நானும் அங்கதான் போறேன்."

"அடுப்புப் புகையாச்சே! காத்து வருமா?"

"அதையெல்லாம் யாரும்மா பார்த்தா?"

பூனை தனியாகப் போர்டிகோவுக்குப் போனது. அங்கே ஈரமும் இல்லை, அனலும் இல்லை. நாலு பேர் தாராளமாகப் படுக்கலாம்.