மோட்டார் இல்லாமல் துள்ளிய செல்

வீரபாண்டியில் பனியன் கம்பெனி நடத்தும் திருமூர்த்தியின் செல்போன், யாரும் கூப்பிடாமலே அதிர்ந்தது. மதியம் கண்ணயர்ந்தால் ஆரம்பித்துவிடும். எடுத்துப் பார்த்தால் ஒரு அழைப்பும் இருக்காது.

செல் கடை முனீஸ் பேட்டரியை மாற்றினார். மறுநாளும் அதிர்ந்தது. அதிர வைக்கும் குட்டி மோட்டாரையே கழற்றிவிட்டார்.

"இனி நடுங்குனா பேய்தான் முதலாளி."

மூன்றாம் நாள் திருமூர்த்தி வந்து நின்றார். "பேயேதானுங்க தம்பி. இன்னைக்கும் ஆடுதுங்க!"

முனீஸ் குழம்பிப்போனார். "வீட்டுல எப்படி வப்பீங்களோ, அப்படியே வச்சுக் காட்டுங்க."

திருமூர்த்தி கடை பெஞ்சில் மல்லாந்து படுத்து, செல்லைத் தொப்புளுக்கு மேல் வைத்துக்கொண்டார். "தூக்கத்துல சரக்கு எடுக்குற பையர் கூப்பிட்டாத் தெரியோணும் பாருங்க."

செல் துள்ளியது. முனீஸ் அவர் மணிக்கட்டைப் பிடித்தார். நாடி அடிக்கிற அதே கணக்கில்தான் செல்லும் துள்ளியது. செல்லை எடுத்துவிட்டுக் கையை வைத்தார். வயிறே துள்ளியது.

"செல்லுல ஒண்ணுமில்ல முதலாளி. வாங்க, ஆஸ்பத்திரிக்குப் போவோம்."

இதயத்திலிருந்து கால்களுக்கு ரத்தம் கொண்டுபோகும் பெரிய குழாய், வயிற்றுக்குள் பலூன்போல உப்பியிருந்தது ஸ்கேனில் தெரிந்தது. வெடித்தால் உயிர் தங்காது என்றார் டாக்டர். அந்த வாரமே வயிற்றைத் திறந்து, உப்பிய இடத்தில் பாலியஸ்டர் நூலில் நெய்த குழாயை வைத்துத் தைத்தார்கள்.

இரண்டு மாதம் கழித்துத் திருமூர்த்தி அதே பெஞ்சில் படுத்தார். வயிற்றின் மேல் வைத்த செல், மூச்சுக்கு மெல்ல ஏறி இறங்கியதே தவிரத் துள்ளவில்லை.

முனீஸ் மேசை டிராயரைத் திறந்தார்.

"இப்ப மோட்டாரை மாட்டிரலாம் முதலாளி."