எண்ணெய் குடித்த காகிதம்

"இந்த எண்ணெ எவன் மூஞ்சிக்குப் போவுது? அதச் சொல்லு மொதல்ல!"

பச்சைமுத்து சிவப்பு மூடி போட்ட கண்ணாடிப் பாட்டிலை ஜன்னல் வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்தார். போன மாசம் கழுத்து வரைக்கும் இருந்தது. இப்போது பாதிதான் இருக்கிறது.

வேலை முடித்து அப்போதுதான் வீட்டுக்குள் நுழைந்த அவர் மனைவி வனஜா செருப்பைக்கூடக் கழற்றவில்லை.

"என் மூஞ்சிக்குத்தான். வேற எவன் மூஞ்சிக்கு?"

"உன் மூஞ்சிக்கா? கண்ணாடியில பாத்தியா? சுட்ட கத்திரிக்கா தோலு மாதிரி கீது. எண்ணெ பட்ட மூஞ்சியாடி இது?"

சொன்னதில் தப்பில்லை. அவள் முகம் அப்படித்தான் இருந்தது. ஊருக்கு வெளியே பிடதி பக்கம் புதுசாக வந்த கார் ஃபேக்டரியில் பெரிய வேலை பார்க்கும் ஜப்பான்காரர் கோல்ஸ் ரோட்டு ஃபிளாட்டில் குடியிருந்தார். அங்கேதான் வனஜா வீட்டு வேலை செய்தாள். தீபாவளிக்கு அந்த வீட்டம்மா சேலைக்குப் பதிலாக மூன்று பாட்டில் எண்ணெயைக் கொடுத்து அனுப்பியிருந்தது. "பொம்பள சமாச்சாரம். அதுல இன்னா கலந்துகீறானோ. என் பக்கம் கொண்டாராத" என்று அன்றைக்கே பச்சைமுத்து கத்தியிருந்தார்.

"மூணும் ஒண்ணு இல்லய்யா" என்றாள் வனஜா. "செவப்பு மூடி காஞ்ச தோலுக்கு. ஏதோ பூவோட வெதையில எடுத்தது. பச்ச மூடி எண்ணெ வழியிற தோலுக்கு. தவிட்டுல எடுத்தது. வெள்ள மூடி, ரெண்டுலயும் சேராத சாதாத் தோலுக்கு. மூஞ்சி ஈரமா இருக்கச்சொல்ல ரெண்டே சொட்டு உள்ளங்கையில வுட்டு, சூடு பண்ணி, ஒத்தணும். தேய்க்கக் கூடாது."

"பாடம் நல்லாத்தான் கீது. யாரு சொல்லிக் குடுத்தது? டெஸ்மண்டா?"

விஷயம் அங்கேதான் இருந்தது. டெஸ்மண்ட் அந்த ஜப்பான்காரரின் டிரைவர். நாற்பது வயசு. கருகருவென்று மீசை. மழை வந்தால் வனஜாவைச் சந்து முனை வரைக்கும் காரில் கொண்டுவந்து விடுவான். பச்சைமுத்து இரண்டு தடவை பார்த்துவிட்டார். அவருக்கு அறுபத்திரண்டு. தலை பஞ்சாக வெளுத்துவிட்டது. முப்பது வருஷம் பாய்லர் முன்னால் நின்று ரிட்டயர் ஆனவருக்கு இப்போது மதியம் களி தின்றுவிட்டுப் பொழுது சாயும் வரை தூங்குவதும், எழுந்து சந்தேகப்படுவதும்தான் வேலை.

"அந்தம்மா சொல்லிச்சி. டெஸ்மண்ட எதுக்கு சும்னே இழுக்கற?"

"அவன் மூஞ்சி மட்டும் மினுமினுன்னு கீதே, அதுக்கு."

"ஏசி காருல உக்காந்துகினு கீறான். மினுக்காம இன்னா பண்ணும்?"

"ஓகோ! பாத்துக்கினேதான் கீறியா?"

வனஜாவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அந்த நேரம் பார்த்துச் சிரித்திருக்கக் கூடாது.

பச்சைமுத்து சட்டைப் பையிலிருந்து ஒரு காகிதத்தை எடுத்து விரித்தார். "சிரி. இதப் பாத்துட்டும் சிரி."

சிரிப்பு நின்றுவிட்டது. "அத எங்க எடுத்த?"

"அரிசி டப்பாவுல. திருட்டுச் சாமான வேற எங்க வெப்பீங்க?"

வெங்காயத் தோலைவிட மெல்லிசான காகிதம். வெளிச்சத்தில் பிடித்தால் அதில் ஒரு முகம் தெரிந்தது. எண்ணெய் குடித்த இடமெல்லாம் கண்ணாடி மாதிரி இருந்தது. அகல நெற்றி, பெரிய மூக்கு, முகவாய். கன்னம் இருக்க வேண்டிய இடம் மட்டும் வெறும் காகிதம். மூக்குக்குக் கீழே குட்டையாக ஒரு கறுப்பு மயிர் ஒட்டியிருந்தது.

"ஆம்பள மூஞ்சி. மீச மயிரு வேற. இதுக்கு இன்னாடி சொல்ற?"

"அது... தோலு எந்த வகைன்னு பாக்குறதுக்கு. எண்ணெ ஒட்டாத எடம் காஞ்ச தோலு. தூங்கற ஆளு எழுந்து மூஞ்சி கழுவறதுக்குள்ள ஒத்தி எடுத்துடணும்."

சொல்லிவிட்டு நாக்கைக் கடித்துக்கொண்டாள்.

"தூங்கற ஆளா?" பச்சைமுத்து காகிதத்தைத் திரும்பச் சட்டைப் பைக்குள் திணித்தார். "அவன் தூங்கச்சொல்ல நீ எங்கடி இருந்த?"

"பக்கத்துலதான்."

அவர் ஆணியில் தொங்கிய குடையை உருவினார். மழை கிழை ஒன்றுமில்லை. அடிக்கத்தான்.

"முப்பத்தெட்டு வருசம் உன்கூட குடித்தனம் பண்ணிட்டேன். போதும். துணிமணிய எடுத்துக்க. அவன ரெண்டுல ஒண்ணு பாத்துட்டு நான் திரும்பி வரச்சொல்ல, நீ இந்த வூட்டுல இருக்கக் கூடாது."

ஒரு கையில் பாட்டிலும் ஒரு கையில் குடையுமாக வாசல்படி வரைக்கும் போய்விட்டார். வனஜா தடுக்கவில்லை. அழவும் இல்லை. செருப்பைக் கழற்றி மூலையில் வைத்தாள்.

"போறதுன்னா போ. போறதுக்கு மின்னாடி மீசைக்கு மை அடிச்சிக்க. பதினஞ்சி நாளாச்சி, அடியில வெள்ள தெரியுது."

குடையைப் போட்டுவிட்டுப் பச்சைமுத்துவின் கை தானாக மீசைக்குப் போனது. அங்கிருந்து கன்னத்துக்கு. பாய்லர் அனலில் வெந்து வெடித்து, சொறிந்து சொறிந்து ரத்தம் பார்த்த கன்னம் ஒரு மாசமாக அரிக்கவே இல்லை என்பது அப்போதுதான் அவருக்கு உறைத்தது.

வனஜா அவர் கையிலிருந்து பாட்டிலை வாங்கி மூடியை இறுக்கினாள்.

"முழிச்சிக்கினு இருந்தா கிட்ட சேக்க மாட்ட. களி தின்னுட்டு நீ மல்லாந்தாத்தான்யா அந்த மூஞ்சி என் கைக்குக் கெடைக்குது."